ஆண்டிஸ் மலையூர்களின் சமூக நடனங்களைக் காண எங்கே, எப்போது செல்வது?

பெரு, பொலிவியா, எக்குவடோர் ஆகிய நாடுகளுக்கு முதன்முறையாகச் செல்லும் ஒருவர், விடுதி மேடையில் நடக்கும் நிகழ்ச்சியாக அல்லாமல், ஊர் மக்கள் தங்களுக்காகவே ஆடும் நடனங்களைக் காண எங்கே, எப்போது போக வேண்டும், முடிந்தால் அவர்களுடன் சேர்ந்து ஆடவும் இயலுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரே ஓர் ஊரைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால், ஜூலை 15 முதல் 18 வரை குஸ்கோவுக்குக் கிழக்கே உள்ள பவுகார்தம்போவில் இருங்கள். சேர்ந்து ஆடுவதே முதன்மையான ஆசை என்றால், பிப்ரவரி, மார்ச் மாதங்களில் கார்னிவல் காலத்தில் (கிறிஸ்தவத் தவக்காலத்துக்கு முந்தைய கொண்டாட்ட நாட்களில்) பெருவின் நடுமலைப் பகுதிக்கோ, ஜூன் மாதக் கடைசியில் எக்குவடோரின் ஒத்தவலோ வட்டாரத்துக்கோ செல்லுங்கள். இரண்டு ஆசையும் ஒரே ஊரில் நிறைவேறுவது அரிது. அதற்கான காரணத்தைப் புரிந்துகொண்டால் மற்ற முடிவுகளை நீங்களே எடுத்துக்கொள்ளலாம்.

இந்த நடனங்களில் பெரும்பாலானவை ஒரு புனிதரின் அல்லது மாதாவின் திருநாளோடு கட்டுண்டவை. ஆடுபவர் தம் திறமையைக் காட்டுவதற்காக மட்டும் ஆடுவதில்லை. வேண்டிக்கொண்டு, இத்தனை ஆண்டுகள் ஆடுகிறேன் என்று வாக்குக் கொடுத்து, அதை நிறைவேற்ற ஆடுகிறார். பல குழுக்களில் அந்த வாக்கு மூன்று ஆண்டுகளுக்கானது. குழுவுக்குச் சோறு, மது, இசைக்காரர் கூலி, பட்டாசு ஆகிய எல்லாவற்றுக்கும் அந்த ஆண்டு பொறுப்பேற்பவரைக் குஸ்கோ பகுதியில் கார்குயோக் என்கிறார்கள். பொலிவியாவில் பசாந்தே அல்லது பிரெஸ்தே, எக்குவடோரில் பிரியோஸ்தே. நம் கோயில் திருவிழாக்களின் மண்டகப்படிக்காரரை நினைத்துக்கொண்டால் அவருடைய பெருமையும் கடன்சுமையும் உடனே விளங்கும். திருவிழாவுக்குச் சில மாதங்கள் முன்பே அவர் ரொட்டியும் மதுவும் எடுத்துக்கொண்டு உறவினர், நண்பர் வீடுகளுக்குப் போவார். இதற்கு ஹுர்கா என்று பெயர். அந்த ரொட்டியைக் கையில் வாங்கிக்கொண்டவர், தாம் ஒப்புக்கொண்ட உதவியைச் செய்தே தீர வேண்டும். பின்னொரு நாள் அந்த உதவி அவருக்கே திரும்பி வரும். இப்படிக் கொடுத்து வாங்கும் முறைக்குக் கெச்சுவா மொழியில் அய்னி என்று பெயர். ஆகவே நீங்கள் தெருவில் காணும் நான்கு நாள் ஆட்டம், ஓராண்டுக் காலம் வீடு வீடாகச் சேர்த்த கடப்பாடுகளின் வெளித்தோற்றம் மட்டுமே. அந்தக் கணக்கில் பயணிக்கு இடம் இல்லை. அவரை யாரும் விரட்டுவதில்லை; ஆனால் அவருக்காக எதுவும் நிற்பதுமில்லை, மறுபடி ஆடிக் காட்டப்படுவதுமில்லை.

மேடை நிகழ்ச்சிகளை நான் இகழவில்லை. குஸ்கோ நகரில் 1924 முதல் இயங்கிவரும் கொஸ்கோ பழங்குடிக் கலை மையம் மாலை தோறும் பல வட்டாரங்களின் நடனங்களைச் சுருக்கி ஆடிக் காட்டுகிறது. முகமூடிகளையும் தாளங்களையும் பெயர் சொல்லி அடையாளம் காண, திருவிழாவுக்குப் போவதற்கு முந்தைய மாலையில் அதைப் பார்த்துவிட்டுப் போவது பயனுள்ளது. ஆனால் ஜூன் 24 அன்று குஸ்கோவில் நடக்கும் இந்தி ராய்மியைச் சமூக நடனம் என்று எண்ணிப் பெரும்பணம் செலவிட வேண்டாம். இன்கா அரசின் சூரிய விழாவைப் பழைய குறிப்புகளிலிருந்து மீட்டு, 1944-இல் நாடகமாக அமைத்த நிகழ்ச்சி அது. சக்சைவாமன் கோட்டைவெளியில் கட்டணம் கொடுத்து அமர்ந்து பார்க்கும் பிரம்மாண்டமான நாடகம் என்ற அளவில் அது நன்றாகவே இருக்கும். பெரும்பாலும் ஜூனிலும் சில ஆண்டுகளில் மே இறுதியிலும் வரும் கார்ப்பஸ் கிறிஸ்தி எனும் நற்கருணைத் திருநாளில், பதினைந்து புனிதர், மாதா சிலைகளைச் சுற்றுப்புறப் பங்குகளிலிருந்து தோளில் சுமந்து பேராலயத்துக்குக் கொண்டுவருகிறார்கள். அந்தச் சிலைகளுடன் வரும் ஆட்டக்காரர்களைத் தெருவோரத்தில் நின்று, காசு கொடுக்காமல் காணலாம். எனக்கு அதுவே மேலானதாகத் தோன்றுகிறது.

இனிப் பவுகார்தம்போ. குஸ்கோவிலிருந்து சுமார் 110 கிலோமீட்டர் தொலைவில், ஏறத்தாழ 2,900 மீட்டர் உயரத்தில், வெள்ளைச் சுவரும் நீலப் பலகணியுமாக உள்ள சிற்றூர் அது. மேட்டுநிலத்திலிருந்து கிழக்குக் காட்டுக்கு இறங்கும் பாதையில் அமைந்திருப்பதால், காலனிக் காலத்தில் கோக்கா இலை, மது, கம்பளி ஆகியவற்றின் வணிகர்கள் எல்லாரும் அதன் வழியாகத்தான் போய்வந்தார்கள். அவ்வூரின் நடனங்கள் அந்தப் போக்குவரத்தின் நினைவுக் களஞ்சியம். அங்கே ஆடப்படும் நடனங்களில் பல, ஒரு காலத்தில் அந்த வழியே வந்த ஏதோ ஒரு கூட்டத்தாரைப் பற்றியவை; ஆடுபவர் அக்கூட்டத்தாராக வேடம் புனைந்த உள்ளூர்க்காரர்.

கப்பாக் கொல்லா குழுவினர், தித்திகாக்கா ஏரிப் பக்கத்து மேட்டுநிலத்திலிருந்து லாமா எனும் சுமைவிலங்குகளை ஓட்டிவந்த வணிகர்கள்; வெள்ளைக் கம்பளியால் பின்னிய முகமூடி அணிந்து, கெச்சுவாவில் பாடிக்கொண்டே ஆடுவார்கள். கப்பாக் சுஞ்சோ குழுவினர் இறகுக் கிரீடமும் ஈட்டியும் தாங்கிய காட்டு மக்கள். இந்தத் திருவிழாவுக்குரிய கார்மென் மாதாவின் சப்பரத்துக்குப் பக்கத்தில் காவலாக நடக்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. மஹேன்யோ என்பவர்கள் அரெகிப்பா பக்கத்து மஹேஸ் பள்ளத்தாக்கிலிருந்து கோவேறு கழுதைகளில் மது கொண்டுவந்த முதலாளிகள். தோல் மேலங்கி, நீண்ட மூக்கு, கையில் புட்டி, தள்ளாடும் மிடுக்கு. கப்பாக் நெக்ரோ நடனம் அடிமைப்பட்ட ஆப்பிரிக்கர்களின் துயரத்தை நினைவுபடுத்துகிறது. சிக்யா எனப்படும் குழுவில் கறுப்பு வால்கோட்டும் உயர்ந்த தொப்பியும் அணிந்த வழக்கறிஞர்களும் நீதிபதிகளும் தடித்த சட்டப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, ஏழை உழவன் ஒருவனை இழுத்துப்போட்டு விசாரிப்பார்கள். அந்தப் புத்தகத்தால் வேடிக்கை பார்ப்பவர் தலையிலும் ஓர் அடி விழும். சுக்சு குழு இன்னும் கொடுமையான நகைச்சுவை: காட்டுப் பண்ணைகளுக்குக் கூலிவேலைக்குப் போய் மலேரியாவுடன் திரும்பியவர்கள் மஞ்சள் முகத்துடன் நடுங்கிக்கொண்டே ஆட, மருத்துவர் வேடக்காரர் பெரிய ஊசியோடு அவர்களைத் துரத்துவார். சிலியுடன் 19-ஆம் நூற்றாண்டில் நடந்த போரை நினைவூட்டும் அவுக்கா சிலெனோவும் உண்டு. ஓர் ஊர் தன் மேல் ஏறி மிதித்தவர்களையும், தன்னிடம் வணிகம் செய்தவர்களையும், தன்னைக் கொன்ற நோயையும்கூட வேடமாக்கித் தன் மாதாவின் முன் கொண்டுவந்து நிறுத்துகிறது. வேறெங்கும் இவ்வளவு வரலாற்றை நான்கு தெருக்களுக்குள் பார்க்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

நாள்வரிசையைத் தெரிந்துகொண்டு போவது நல்லது. 15-ஆம் தேதி நண்பகலில் குழுக்கள் ஊருக்குள் நுழையும். அன்று மாலை சதுக்கத்தில் நெருப்பு மூட்டி, சக்ரா எனும் பிசாசு வேடக்காரர்கள் அதன் மேல் குதித்துத் தாண்டுவார்கள். நள்ளிரவில் அதே குழுக்கள் ஆலய வாசலில் மெழுகுவர்த்தியுடன் நின்று மாதாவுக்குப் பாட்டுப் பாடும்போது, மாலையில் நடந்த கூத்துக்கும் அதற்கும் தொடர்பே இல்லாதது போல இருக்கும். 16 முதன்மைத் திருநாள். பிற்பகலில் சப்பரம் வெளிவரும்போது கீழே பார்க்காமல் மேலே பாருங்கள்: சக்ராக்கள் கூரை ஓடுகளிலும் பலகணிகளிலும் தொற்றிக்கொண்டு மாதாவை மயக்கப் பார்ப்பார்கள், அவள் பார்வை தங்கள் பக்கம் திரும்பினால் முகத்தை மூடிக்கொண்டு வெட்கி ஒதுங்குவார்கள். 17 அன்று காலையில் குழுக்கள் இடுகாட்டுக்குச் சென்று இறந்துபோன ஆட்டக்காரர்களின் கல்லறை முன் பாடி ஆடும். கூட்டம் குறைவாக இருக்கும் அந்த நிகழ்ச்சிதான் முழுத் திருவிழாவையும் விளக்குகிறது. அங்கே கேமராவைப் பையில் வைத்துவிடுங்கள். பிறகு மாதாவைக் காலனிக் காலத்துக் கல்பாலம் வரை எடுத்துச் சென்று நாற்றிசைக்கும் ஆசி வழங்குவார்கள். அதன்பின் சதுக்கத்தில் கெர்ரில்யா எனப்படும் போர் நடக்கும்: கொல்லாக்களுக்கும் சுஞ்சோக்களுக்கும் சண்டை, கொல்லாத் தலைவனின் மனைவியைச் சுஞ்சோக்கள் கவர்ந்து செல்ல, மாண்டவர்களைச் சக்ராக்கள் நெருப்பு வண்டியில் ஏற்றி நரகத்துக்கு இழுத்துப் போவார்கள். வெற்றி எப்போதும் சுஞ்சோக்களுக்கே. முடிவு எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் சதுக்கத்தில் நிற்க இடம் கிடைக்காது.

தங்கும் இடம்தான் சிக்கல். ஊரில் விடுதிகள் சில மட்டுமே. பல குடும்பங்கள் தங்கள் வீட்டு அறையை வாடகைக்கு விடும். பல மாதங்களுக்கு முன்பே ஏற்பாடு செய்துகொள்ள முடியாதவர்கள் உறக்கப்பையோடு போக வேண்டும். குஸ்கோவிலிருந்து ஒருநாள் சுற்றுலாவாகப் போய்த் திரும்புவது வீண்; நள்ளிரவுப் பாட்டும் இடுகாட்டுக் காலையும் இரண்டுமே தவறிப்போகும்.

பவுகார்தம்போ ஒரு சிற்றூரின் நடனம் என்றால், புனோவும் ஒரூரோவும் மாநகர் அளவிலானவை. பெருவின் புனோ நகரில் கந்தெலாரியா மாதா விழா பிப்ரவரி 2-ஐ ஒட்டி நடக்கிறது. யுனெஸ்கோ பட்டியலில் 2014-இல் சேர்ந்தது. பொலிவியாவின் ஒரூரோ கார்னிவலை 2001-இலேயே யுனெஸ்கோ சிறப்பித்தது. அதன் பெரும் ஊர்வலத்தில் ஏறத்தாழ 28,000 ஆட்டக்காரர்களும் 10,000 இசைக்காரர்களும் நான்கு கிலோமீட்டர் தூரத்தைச் சுமார் இருபது மணி நேரம் ஆடிக் கடக்கிறார்கள். இரு ஊர்களிலும் கொம்புள்ள பிசாசு முகமூடியுடன் தியாபிளாடா, கனத்த பீப்பாய் போன்ற உடையில் மொரெனாடா, சலங்கைக் காலணியுடன் துள்ளும் கப்போராலெஸ் ஆகியவற்றைக் காணலாம். கப்போராலெஸ் பழமையானதன்று, 1969-இல் லா பாஸ் நகரில் ஒரு குடும்பத்தினர் அமைத்தது. ஆனாலும் அதை ஆடும் இளைஞருக்கு வேண்டுதல் வேண்டுதல்தான். இவற்றில் எந்த நடனம் எந்த நாட்டுக்குரியது என்ற கேள்வியை மட்டும் உணவு மேசையில் எழுப்பிவிடாதீர்கள். 2009-இல் பெருவின் அழகி ஒருவர் பிரபஞ்ச அழகிப் போட்டியில் தியாபிளாடா உடையணிந்தது, பொலிவிய அரசே கண்டனம் தெரிவிக்கும் அளவுக்கு வளர்ந்தது.

ஒரூரோவில் பார்வையாளர் இருக்கைகளுக்குக் கட்டணம் உண்டு. நுரையும் தண்ணீர் பலூனும் வந்து விழுந்துகொண்டே இருக்கும். சலிப்புற்றால் ஊர்வலத்தின் முடிவிடமான சொக்காவோன் மாதா ஆலயத்துக்குப் போய் நில்லுங்கள். பல மணி நேரம் ஆடிவந்தவர்கள் முகமூடியைக் கழற்றிவிட்டு முழந்தாளிட்டு மாதாவை நோக்கி நகர்வதை அங்கே காணலாம். புனோவில் பளபளப்பான உடைக் குழுக்களின் போட்டியே புகழ்பெற்றது. அதற்கு முன்னர் நடக்கும் பழங்குடி நடனப் போட்டிதான் என் தேர்வு. சுற்றுவட்டக் கெச்சுவா, அய்மாரா ஊர்கள் தங்கள் நெய்த ஆடையில், தங்கள் குழலோடு அதற்காக இறங்கி வருகின்றன.

அந்தக் குழலைப் பற்றி ஒரு வார்த்தை. சிக்கு எனும் மூங்கில் குழல்தொகுதி இரண்டு பாதிகளாக இருக்கும். ஒரு பாதிக்கு இரா, மறு பாதிக்கு அர்க்கா என்று பெயர். ஸ்வரங்களை இரண்டுக்கும் மாறி மாறிப் பகிர்ந்திருப்பதால் தனியொருவர் முழுமெட்டையும் வாசிக்க முடியாது. இருவர் மாற்றி மாற்றி ஊதினால்தான் மெட்டு நிறையும். அவர்கள் ஊதிக்கொண்டே வட்டமாக ஆடுவதால், இசைக்காரர் வேறு, ஆட்டக்காரர் வேறு என்ற பிரிவே அங்கு இல்லை. பல ஊர்களில் இக்கருவிகளுக்குப் பருவமும் உண்டு. மழைக்காலத்தில் ஒலிக்க வேண்டிய குழல் வறண்ட காலத்தில் ஒலித்தால் பயிருக்கு ஆகாது என்பது நம்பிக்கை. பொலிவியாவின் தரபுக்கோவைச் சுற்றியுள்ள யம்பாரா மக்களிடம் மழைக்காலத்துக்குப் புஹ்யாய், வறண்ட காலத்துக்கு அயரிச்சி என்று நடனமும் இசையும் தனித்தனியாகவே இருக்கின்றன. ஆகவே ஜூலையில் போய், பிப்ரவரி நடனத்தை ஆடிக் காட்டச் சொல்லிக் கேட்பது அவர்களைச் சங்கடத்தில் ஆழ்த்தும்.

சேர்ந்து ஆடுவதற்கு வருவோம். ஹவுஹா போன்ற நடுப்பெரு ஊர்களில் கார்னிவலின்போது கொர்தாமொந்தே நடக்கும். வேறு இடங்களில் அதற்கு யுன்சா என்று பெயர். பரிசுப்பொருள்கள் கட்டிய மரத்தை நடுவில் நட்டு, இணைகள் கைகோத்துச் சுற்றி ஆடுவார்கள். ஒவ்வோர் இணையாக உள்ளே சென்று கோடரியால் ஓரிரு வெட்டு வெட்டிவிட்டுத் திரும்பும். மரத்தைச் சாய்க்கும் வெட்டு யாருடையதோ அவர்தான் அடுத்த ஆண்டு மரத்துக்கும் விருந்துக்கும் பொறுப்பு. சுற்றி ஆட உங்களையும் அழைப்பார்கள், ஆடுங்கள்; மரம் ஆட்டம் காணத் தொடங்கியபின் கோடரியை மட்டும் தொடாதீர்கள். எக்குவடோரின் ஒத்தவலோ பக்கம் ஜூன் இறுதியில், அருவியில் நீராடியபின் குழுக்கள் வீடு வீடாகச் சென்று காலால் நிலத்தை ஓங்கி மிதித்தபடி வட்டமிட்டு ஆடும். முன்னும் பின்னும் முகம் கொண்ட அய உமா முகமூடிக்காரர் வழிநடத்துவார். வீட்டார் சோளமும், சிச்சா எனும் சோள மதுவும் கொடுப்பார்கள். உள்ளூர்க் குடும்பம் ஒன்றில் தங்கினால் அவர்களோடு அந்த வட்டத்துக்குள் போவது இயல்பாக நடக்கும். தெருவில் தென்பட்ட குழுவுக்குள் தானாகப் புகுவது முறையன்று. ஒரூரோ, புனோவின் பெரிய குழுக்களில் சேர வெளியாருக்கும் வழி உண்டு. ஆனால் உடைக்கட்டணமும் பல வாரப் பயிற்சியும் தேவை என்பதால் சுற்றுலாப் பயணிக்கு அது பொருந்தாது. பவுகார்தம்போவில் வேடக்குழுவுக்குள் நுழைய நினைக்கவே வேண்டாம்.

சில இடங்களைத் தள்ளிநின்று பார்க்க வேண்டும், சிலவற்றைத் தவிர்க்கலாம். பொலிவியாவின் வடபொத்தோசியில் மாச்சா என்ற ஊரில் மே மாதத் தொடக்கத்தில் நடக்கும் திங்கு, குழல் ஊதி ஆடிவரும் ஊர்க்கூட்டங்கள் கைகலந்து மோதும் சடங்கு. சிந்தும் குருதி பாச்சமாமாவுக்கு, அதாவது பூமித்தாய்க்கு, உரியது என்கிறார்கள். உயிரிழப்பும் நேர்ந்திருக்கிறது, காவல்துறை கண்ணீர்ப்புகை வீசுவதும் உண்டு. நகர ஊர்வலங்களில் ஆடப்படும் திங்கு நடனத்தைப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எக்குவடோரின் கொத்தகாச்சியில் ஜூன் 24-ஐ ஒட்டிச் சதுக்கத்தைக் கைப்பற்றும் ஆட்டமும் மோதலாக மாறக்கூடியது; மாடியிலிருந்து பார்க்கலாம். கொய்யுர் ரித்தி வேறு வகையான கடுமை. குஸ்கோ மாவட்டத்துச் சினகாரா பள்ளத்தாக்கில், 4,600 மீட்டருக்கு மேல், உறையும் குளிரில் பல்லாயிரம் பக்தர்கள் இரவும் பகலும் ஆடும் யாத்திரை அது. சாலையிலிருந்து எட்டுக் கிலோமீட்டர் நடக்க வேண்டும். கரடி வேடமிட்ட உகுக்குகள் சாட்டையுடன் ஒழுங்கு காப்பார்கள், மது கூடாது. முன்பு அவர்கள் பனியாற்றிலிருந்து பனிக்கட்டிகளை வெட்டி முதுகில் சுமந்து வருவார்கள். பனியாறு சுருங்கிவருவதால் அதைத் தாங்களே நிறுத்திவிட்டார்கள். மலை உயரத்துக்கு உடல் நன்கு பழகாதவர் அங்கே போகக் கூடாது.

உயரம் என்பது மற்ற ஊர்களுக்கும் பொருந்தும். குஸ்கோ சுமார் 3,400, ஒரூரோ 3,700, புனோ 3,800 மீட்டர். முதல் இரண்டு மூன்று நாட்கள் ஆட்டமும் மதுவும் வேண்டாம்; மலைநோயைத் தடுக்கும் அசிட்டசோலமைடு மாத்திரை பற்றிப் புறப்படும் முன் மருத்துவரிடம் கேளுங்கள், குறிப்பாக சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள். கோக்கா இலைத் தேநீரை அங்கே தாராளமாகக் குடிக்கலாம். ஓர் இலையைக்கூட இந்தியாவுக்குக் கொண்டுவராதீர்கள், இங்கே அது போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வருகிறது. சிச்சாவோ வேறு மதுவோ கொடுத்தால், முதலில் சில துளிகளை மண்ணில் சிந்திவிட்டுக் குடித்து, கோப்பையை உடனே திருப்பிக் கொடுக்க வேண்டும். அதே கோப்பை அடுத்தவருக்குப் போகும். குடிக்காதவர்கள் வாங்கி, மண்ணுக்குச் சிறிது வார்த்து, உதட்டில் வைத்துவிட்டுப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்தால் யாரும் வருத்தப்பட மாட்டார்கள்; கையை ஆட்டி மறுப்பதுதான் அவமதிப்பு. ஊர்வல வரிசைக்கு நடுவே புகுந்து படம் எடுப்பதும், ஓய்வில் முகமூடியைக் கழற்றியிருப்பவரைக் கேட்காமல் படம் எடுப்பதும் வேண்டாம்.

தேதிகளில் பவுகார்தம்போவும் கந்தெலாரியாவும் மாறாதவை. கார்னிவல், கொய்யுர் ரித்தி, கார்ப்பஸ் கிறிஸ்தி மூன்றும் ஈஸ்டரைப் பொறுத்து நகர்பவை. ஒரூரோவின் பெரும் ஊர்வலம் சாம்பல் புதனுக்கு முந்தைய சனிக்கிழமை. கொய்யுர் ரித்தியின் முதன்மை நாள் ஈஸ்டருக்கு 58 நாள் கழித்து, கார்ப்பஸ் கிறிஸ்தி 60 நாள் கழித்து. 2027-இல் ஈஸ்டர் மார்ச் 28 அன்று வருவதால் ஒரூரோ ஊர்வலம் பிப்ரவரி 6-இல் விழுகிறது. அதாவது பிப்ரவரி 2-இல் புனோவில் மாதாவின் திருநாளைப் பார்த்துவிட்டு, லா பாஸ் வழியாகப் பேருந்தில் நான்கு நாட்களுக்குள் ஒரூரோ போய்ச் சேர்ந்துவிடலாம். அப்படித் திட்டமிட்டால் முதலில் பதிவு செய்ய வேண்டியது ஒரூரோவின் அறையை. கார்னிவல் வாரத்தில் அங்கே வாடகை பல மடங்கு ஏறும், பல இரவுகளுக்குச் சேர்த்துத்தான் கொடுப்பார்கள்.